சமாமா: அடுப்படி முதல் மணிக்கட்டு வரை

உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் காய்ச்சப்படும் அத்தர்களில் மிகச் சிக்கலானது சமாமா. ரோஜா அத்தருக்கும் மல்லிகை அத்தருக்கும் ஒரே ஒரு வகைப் பூ போதும். சமாமாவுக்குள் டஜன் கணக்கில் சரக்குகள் இறங்குகின்றன. பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும். அளவை எந்த வீட்டிலும் வெளியே சொல்வதில்லை. ஆனால் அடிப்படைச் சரக்குகள் தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்தவைதான்: கல்பாசி, சடாமாஞ்சில், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கிராம்பு, ஏலம், சாதிக்காய், சாதிபத்திரி, குங்குமப்பூ. இத்தனையும் சந்தன எண்ணெயில் போய்ச் சேர்கின்றன. இதை ஆல்கஹாலில் கரைத்துத் தெளிப்பதில்லை. ஒரு சொட்டு எண்ணெயாகவே தோலில் தடவுகிறார்கள். தடவிய நிமிடத்தில் அது தரும் வாசனை ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து வேறொன்று, மறுநாள் காலையில் இன்னொன்று. இந்த வரிசையின் பெரும்பகுதி பட்டறை அடுப்படியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பட்டறைக்குள் நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது விறகுப் புகை. மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய அடுப்பு மேடையில் பெரிய செப்புக் கலங்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். கலத்துக்கு தேக் என்று பெயர். சரக்கையும் தண்ணீரையும் அதில் போட்டு மூடி, விளிம்பைக் களிமண்ணும் பஞ்சும் கொண்டு அடைக்கிறார்கள். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் சரிவாக இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா என்னும் சேகரிப்புக் குடத்தின் குறுகிய கழுத்துக்குள் நுழைகிறது. பப்காவும் செம்புதான். அதில் சந்தன எண்ணெய் முன்கூட்டியே ஊற்றப்பட்டிருக்கும். கலத்திலிருந்து வரும் ஆவி அங்கே குளிர்ந்து நீராகிறது. அதோடு வந்த வாசனைப் பொருள்கள் எண்ணெயில் தங்கிவிடுகின்றன.

இங்கே வெப்பமானியோ அழுத்தமானியோ கிடையாது. காய்ச்சும் தொழிலாளியை திகா என்கிறார்கள். கலத்துக்குள் கொதி எப்படி இருக்கிறது என்பதை அவர் சத்தத்தில் கண்டுகொள்கிறார். தொட்டித் தண்ணீருக்குள் கைவிட்டு பப்காவைத் தடவிப் பார்த்து, அதன் சூட்டை வைத்து எவ்வளவு ஆவி இறங்கியிருக்கிறது என்று கணிக்கிறார். தீ கூடினால் சரக்கு கருகி அந்த வாடை எண்ணெயில் ஏறிவிடும். குறைந்தால் வேர்களுக்குள் இருக்கும் கனமான பொருள்கள் வெளியே வராது. பப்காவை மாற்ற வேண்டிய நேரத்தில் கலத்தின் மேல் ஈரத்துணியால் துடைத்து ஆவியைத் தணிக்கிறார். புகைக்கும் அனலுக்கும் நடுவே நாள் முழுக்க நின்று இந்த வேலையைப் பழகப் பல ஆண்டுகள் பிடிக்கும். பெரும்பாலும் தகப்பனிடமிருந்தோ மூத்த தொழிலாளியிடமிருந்தோ கைவழியாகவே வருகிற அறிவு இது. புட்டியில் ஒட்டும் சீட்டில் கடையின் பெயர் இருக்கும், திகாவின் பெயர் இருக்காது. வாசனையின் தரம் அவர் கையில் இருக்கும்போது இது நியாயமில்லை.

இறங்கிய பப்காவை இரவு முழுக்க அசையாமல் வைக்கிறார்கள். காலையில் எண்ணெய் மேலே, நீர் கீழே. அடித்துளை வழியாக நீரை வடித்து மறுபடி கலத்திலேயே ஊற்றி, புதுச் சரக்கு போட்டுக் காய்ச்சுகிறார்கள். வீண் போகக் கூடாது என்பதற்கு மேலாக இதில் ஒரு பயன் உண்டு. ரோஜாவின் மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான பினைல்எதில் ஆல்கஹால் தண்ணீரில் எளிதாகக் கரைந்து போய்விடும். வடித்த நீர் திரும்பத் திரும்பக் கலத்துக்குப் போவதால் அதில் ஒரு பங்காவது எண்ணெய்க்கு வந்து சேர்கிறது.

சமாமாவில் இந்தச் சுற்று வாரக்கணக்கில் நீளும். கல்பாசி, கிழங்கு, வேர் போன்ற அடிவாசனைச் சரக்குகளை ஒரு கட்டமாகவும், கிராம்பு, ஏலம் முதலியவற்றை இன்னொரு கட்டமாகவும் காய்ச்சுவது ஒரு வழக்கம். குங்குமப்பூ போன்ற விலையேறியவை கடைசியில் சேரும். ஒரு காலத்தில் கஸ்தூரியும் சேர்ந்தது; 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கஸ்தூரி மானுக்குக் காவலாக வந்தபின் செயற்கைக் கஸ்தூரியோ கஸ்தூரி வெண்டை விதையோ அந்த இடத்தைப் பிடித்தன. முடிந்த அத்தரைத் தோல் குப்பிகளில் ஊற்றி வைப்பது பழைய முறை. எஞ்சிய ஈரம் தோல் வழியாக மெல்ல வெளியேற, எண்ணெய் உள்ளேயே நிற்கும்.

இனி தோலின் பங்கு. மணிக்கட்டுத் தோலின் சூடு ஏறக்குறைய 32, 33 டிகிரி செல்சியஸ். அந்த இளஞ்சூட்டில் எல்லாப் பொருள்களும் ஒரே நேரத்தில் ஆவியாகத் தொடங்கினாலும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஏலத்தின் சினியோல் இலேசானது. முதல் சில நிமிடங்களில் குளுமையும் காரமுமாக மூக்கில் ஏறி அடங்கிவிடுகிறது. கிராம்பின் யூஜினால் அதைவிடக் கனம். சாதிக்காயோடு சேர்ந்து முதல் ஒரு மணி நேரத்தை அது ஆள்கிறது. அதன் பிறகுதான் சமாமா தன் முகத்தைக் காட்டுகிறது. கல்பாசியின் ஈரப்பட்டை வாசனை, சடாமாஞ்சிலின் கனத்த, சற்றே விலங்குத்தன்மை கொண்ட நெடி, கோரைக்கிழங்கின் மண் வாடை, வெட்டிவேரின் கசப்பு கலந்த குளிர்ச்சி ஆகியவை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, இது இன்ன சரக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் உருவம் எழுகிறது. இந்த அத்தரின் பெருமையே இந்த நடுப்பகுதிதான். கடைசியில் நிற்பது சந்தனம்.

சந்தனம் கடைசியில் மட்டும் வருவதாக நினைப்பது தவறு. அது முதல் நொடியிலிருந்தே இருக்கிறது. நல்ல சந்தன எண்ணெயில் 90 விழுக்காடு அளவுக்கு சாண்டலால் என்னும் பொருள் உண்டு. கனமானது, மிக மெதுவாக ஆவியாவது. ரோஜாவின் ஜெரானியால் போன்ற ஆல்கஹால் வகைப் பொருள்களோடு அது இணக்கமாகக் கலந்து, அவை தப்பி ஓடும் வேகத்தைக் குறைக்கிறது. தானும் மணந்து மற்றவற்றையும் பிடித்து வைப்பதால்தான் கன்னோசி அதைத் தேர்ந்துகொண்டது.

மூக்கும் இதில் பங்காளி. ஒரே வாசனையை முகர்ந்துகொண்டே இருந்தால் அது மங்கிப்போகும். வெளியே போய்த் திரும்பினால் மறுபடி எழும். அத்தர் போய்விட்டது என்று பலர் நினைக்கிற நேரத்தில் அருகில் இருப்பவருக்கு அது நன்றாகவே மணந்துகொண்டிருக்கும். கஸ்தூரி போன்ற கனமான பொருள்களைச் சிலருடைய மூக்கு உணர்வதே இல்லை.

ஒவ்வொரு உடம்பிலும் அத்தர் முற்றிலும் வேறாக மணக்கும் என்று கடைகளில் சொல்வது மிகை. வேறுபாடு பெரும்பாலும் வேகத்தில். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போகும், எண்ணெய்ப் பசையுள்ள தோலில் நிற்கும். வெயிலும் வியர்வையும் முதல் கட்டத்தை விரைவுபடுத்தும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்ப்பதும் அதையே செய்யும். தேய்க்காமல் விடுவது நல்லது. வட இந்தியாவில் கோடைக்கு வெட்டிவேர், ரோஜா, மண் அத்தர்கள் என்றும் குளிருக்கு சமாமா, ஹினா என்றும் பிரித்து வைத்திருப்பது இந்த அனுபவத்திலிருந்து வந்தது. பஞ்சை அத்தரில் நனைத்துக் காது மடலுக்குள் செருகும் பழக்கமும் அப்படித்தான். பஞ்சு வாசனையை மெல்ல மெல்லவே விடும்.

இன்று சந்தன எண்ணெய் கட்டுப்படியாகாத விலைக்குப் போய்விட்டது. தென்னிந்தியக் காடுகளில் மரம் அருகியதே காரணம். அதனால் பல பட்டறைகளில் பப்காவுக்குள் திரவ பாரஃபின் இறங்குகிறது. அதற்குச் சொந்த மணம் கிடையாது. பூவின் பொருள்களைச் சந்தனம்போல் பிடித்து வைக்கும் திறனும் இல்லை. தடவியவுடன் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் தெரியாது. சில மணி நேரம் போனால் பாரஃபினில் இறங்கிய அத்தர் பிசுபிசுப்பை மட்டும் விட்டுவிட்டு மறைகிறது. பான் மசாலா, புகையிலைத் தொழில்கள் பெரிய கொள்முதல்காரர்களாக இருப்பதால் மலிவான சரக்குக்கு என்றும் கிராக்கி. திகாவின் கைத்திறன் இரண்டுக்கும் ஒன்றே என்பதுதான் வேதனை. அடிஎண்ணெய் தவறானால் அவருடைய பல நாள் உழைப்பு தோலில் அரை நாள்கூடத் தங்காது.

ஆகவே அத்தர் வாங்குகிறவர்கள் புட்டியை மூக்கில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சிறு சொட்டை முன்கையில் இட்டு மறுநாள் வரை காத்திருங்கள். கிராம்பும் கல்பாசியும் சிலருடைய தோலுக்கு ஒவ்வாமை தரும் என்பதால் அந்தச் சோதனையும் இதிலேயே முடிந்துவிடும். அடிஎண்ணெய் எது என்று கேளுங்கள். அதிகம் பணம் போட்டு வாங்குவதானால், 1991இல் கன்னோசியில் நிறுவப்பட்ட அரசின் நறுமண, சுவை மேம்பாட்டு மையம் போன்ற ஆய்வகத்தின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சந்தனத்தில் இறங்கியது என்று உறுதியானால், கேட்கும் விலையைக் கொடுத்தே வாங்குங்கள்.