பாறை தள்ளும் நாலு பேர்

மெரினாவில் நாலு பேர் 1959-லிருந்து ஒரு பாறையைத் தள்ளிக் கொண்டே இருக்கிறார்கள். பாறை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. 'எங்க ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருக்கே!' என்று நீங்கள் சிரித்தால் தப்பில்லை. ஆனால், அந்த உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் நம்மைப் போல மாசச் சம்பளக்காரர்தான்!

தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-ல், இன்றைக்கு பங்களாதேஷில் இருக்கும் ரங்பூர் பக்கம் பிறந்த வங்காளி. ஓவியம் கற்றது அபனீந்திரநாத் தாகூரிடம். 1929-ல் சென்னை அரசு கலைப் பள்ளிக்கு பிரின்சிபாலாக வந்தார். 1850-ல் தொடங்கிய அந்தப் பள்ளிக்கு முதல் இந்திய பிரின்சிபால் அவர்தான். ரிட்டையர் ஆனது 1957-ல். கணக்குப் போடுங்கள், 28 வருஷ சர்வீஸ்!

மனுஷன் சும்மா நாற்காலியைத் தேய்க்கவில்லை. குஸ்தி போடுவார். வேட்டைக்குப் போவார். வங்காளியில் கதை எழுதுவார். பாறையை நெம்பும்போது முதுகில் எந்தச் சதை இறுகும், கால் எப்படி ஊன்றும் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. 1942-ல் பாட்னாவில் கொடியேற்றப் போய்க் குண்டடிபட்டுச் செத்த ஏழு மாணவர்களின் நினைவுச் சிலைகளும் அவர் செய்தவைதான். உழைப்பாளர் சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் கலைப் பள்ளி வாட்ச்மேன் என்று சொல்வார்கள். கேட்டில் தினம் சலாம் போடுகிறவரை நாம் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்?

எங்கள் செக்ஷனில் ஒரு தம்பி. வேஸ்ட் பேப்பர் கிடைத்தால் போதும், பின்பக்கம் முகமாக வரைந்து தள்ளிவிடுவார். "நல்லாருக்கே" என்றால், "சம்பளம் வாங்கறவனுக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கசக்கிப் போட்டுவிடுவார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவரிடம் கே.சி.எஸ். பணிக்கர் கதையைச் சொன்னேன். அப்பா இறந்ததும் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை, அப்புறம் இன்ஷூரன்ஸ். ராய் சௌத்ரியின் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தது 1936-ல், 25 வயசில்! 1957-ல் குருவின் நாற்காலியிலேயே பிரின்சிபாலாக உட்கார்ந்தார். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். குரு கடைசிவரை மனித உருவம் என்றால், சிஷ்யர் பிற்காலத்தில் எழுத்து, எண், சின்னம் என்று வேறு பாதையில் போய்விட்டார். நல்ல வாத்தியாரிடம் படித்தால் அவரைக் காப்பியடிக்கத் தோன்றாது போலிருக்கிறது.

"உங்களுக்கு என்ன வயசு தம்பி?"

"24 சார்."

"அப்ப ஒரு வருஷம் டைம் இருக்கு. வேலையை விடச் சொல்லலைப்பா, உங்கம்மா என்னைச் சும்மா விடமாட்டாங்க. பேப்பரைக் கசக்காதீங்க, அவ்வளவுதான்."

பதில் இல்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், எங்கள் பியூன் டீ டம்ளரோடு அசையாமல் நின்று கொண்டிருக்கிறார். எதிரே நம்ம தம்பி, பென்சிலும் கையுமாக.

"சீக்கிரம் வரைப்பா, டீ ஆறுது!"

"அசையாதீங்கண்ணே, இன்னும் கை பாக்கி இருக்கு."