திரும்பவும் கஞ்சி

நாங்கள் குசினிக்காரர். மொன்றியலில் பின்னேரம் கோப்பை கழுவத் தொடங்கி, இரவு ஒரு மணிக்கு நின்றபடி சாப்பிடுகிறவர்கள். மிஞ்சிய சோறு, பொரியல், கோக். நாற்பது வருமுன்னரே எங்களில் பலருக்குச் சலரோகம்.

எங்களில் ஒருவர் இப்போது இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். 'தின்று கொழுத்ததுக்கு வெட்டோ' என்று சனம் சிரிக்கிறது. இது அழகுக்கான வெட்டல்ல. மொன்றியல் மலைச்சரிவில் அப்போதிருந்த றோயல் விக்ரோறியா ஆஸ்பத்திரியின் நிக்கலாஸ் கிறிஸ்ரூவும் சகாக்களும், சிகிச்சை பெற்ற 1,035 பேரைப் பெறாத 5,746 பேருடன் ஒப்பிட்டு 2004இல் எழுதினார்கள். ஐந்தாண்டுகளில் இறந்தோர், முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 0.68, மற்றதில் 6.17.

எங்களிடம் குறையில் நின்ற விலங்கியல் படிப்பு உண்டு. அதை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாள்களை வாசித்தோம். வெட்டு மூன்று விதம்.

முதலாவது, இரைப்பையில் ஐந்தில் நாலு பங்கை அகற்றி ஒரு குழாயாக விடுவது. உணவின் பாதை மாறாது. பசியைத் தூண்டும் சுரப்பு குறையும், நெஞ்செரிவு கூடலாம்.

இரண்டாவதில், முட்டையளவு பையொன்றை நேரே சிறுகுடலோடு பொருத்துகிறார்கள். உணவு முன்சிறுகுடலைத் தொடாததால் இரும்பும் கல்சியமும் குறைவாகவே உறிஞ்சப்படும். இனிப்பை அவசரமாகச் சாப்பிட்டால் வியர்வை, படபடப்பு, வயிற்றோட்டம்.

மூன்றாவதை 1990களில் கியூபெக் நகரில் பிக்கார் மர்சோ வளர்த்தெடுத்தார். பித்தநீரும் கணையநீரும் குடலின் கடைசி ஒரு மீற்றரளவில்தான் உணவைச் சந்திக்கும். நிறை அதிகம் குறையும்; கொழுப்போடு உயிர்ச்சத்துகளும் வீணாய்ப் போகும். எந்த வெட்டானாலும் ஆயுள் முழுக்கச் சத்துக் குளிசை.

முதல் நாட்களில் நீராகாரம் மட்டுமே என்று வாசித்துக் காட்டினோம். "திரும்பவும் கஞ்சியோ?" என்றார் அவர். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர். ஒருவரும் பேசவில்லை.

பசியைக் கண்டவர்கள் கோப்பையில் மிச்சம் விடமாட்டார்கள். கிடைத்ததைக் கெதியாக விழுங்குவார்கள். இனி ஒரு வாய் கூடினாலும் சத்திதான். மெல்ல மென்று, இருந்து சாப்பிட வேண்டும். தொடர்ந்து ஐந்து மணிநேர வேலைக்கு அரைமணி இடைவேளை கியூபெக் சட்டத்தில் இருக்கிறது; எங்கள் குசினியில் அதைக் கண்டவரில்லை. அதனால் நாங்களே முறை போட்டிருக்கிறோம். ஏழு மணிக்கு அவர் கதிரையில் இருப்பார். அவருடைய கோப்பைகளை நாங்கள் கழுவுவோம்.