வாக்கும் வோட்டும்

தேர்தல் பற்றிய ஆங்கிலச் சொற்களின் வேர்களை நாடுமிடத்து, மக்களாட்சியின் வரலாறே அவற்றுட் படிந்துகிடத்தல் புலனாகும். ‘போல்’ என்பதன் ஆதிப்பொருள் தலை. தலைகளை எண்ணுதலே நாளடைவில் வாக்கெடுப்பாயிற்று. ‘பலட்’ சிறுபந்தைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. வெனிசு நகரத்தார் பந்துகளை இட்டுத் தம் தெரிவை உணர்த்தினர். ‘வோட்’ என்பதோ நேர்த்தி, விருப்பம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது.

இன்றைய வழக்கிலும் இம்மூன்றும் ஒன்றல்ல. ‘வோட்’ ஒருவரது தெரிவு. ‘பலட்’ அதனைத் தாங்கும் சீட்டு. ‘போல்’ பலரது தெரிவையும் திரட்டும் நிகழ்ச்சி. கருத்துக் கணிப்பையும் ‘போல்’ என்பரேயன்றி ‘பலட்’ என்னார்.

பிரித்தானியப் பாராளுமன்றத் தேர்தல்களில், 1872 வரை வாக்காளர் தம் தெரிவைப் பலரறிய வாய்விட்டுரைத்தனர். நிலக்கிழாரின் செவிக்கெட்ட அவரது குடியானவன் உரைத்த தெரிவு அவனுடையதாகுமோ? அவ்வாண்டு நிறைவேறிய சட்டமே இரகசிய வாக்களிப்பைக் கொணர்ந்தது. குரல் அடங்கியது, சீட்டுப் பேசலாயிற்று.

தமிழில் ‘வாக்கு’ என்பது வாய்மொழியையும், அளித்த உறுதியையும், தேர்தலில் இடும் தெரிவையும் ஒருங்கே சுட்டும். மேடையில் வேட்பாளர் தருவது வாக்குறுதி. பெட்டியில் மக்கள் இடுவது வாக்கு. முன்னையது பொய்த்தமை குறித்துச் சினப்போர் பலர். பின்னையதும் நேர்த்தி போன்றதொரு கடப்பாடே என எண்ணுவோர் சிலர். இனம், சாதி, சலுகை என்பன நோக்கி இடப்படுங்கால் அதுவும் பொய்த்த வாக்கேயாம். இரகசியம் வாக்காளனைப் பிறரிடமிருந்து காக்கும். அவனது மனச்சான்றிடமிருந்து காவாது.