பரணை இறக்கும் ஞாயிறு

ஏப்ரல் 17

முழுப்பரீட்சை முடியும் இந்த வாரங்களில்தான் தமிழ்நாட்டில் வீடு மாறும் பருவம் தொடங்குகிறது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள். பள்ளி நடக்கும்போது பிள்ளைகளுக்கு டிசி வாங்க யாருக்கும் மனம் வராது. மிஞ்சுவது சித்திரையும் வைகாசியும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் குடித்தனத்தைக் கட்டி லாரியில் ஏற்றும் வேலையும், பிள்ளைகள் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் ஒரே நீண்ட விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவது இதனால்தான். சாமான் கட்டுவதா, பிள்ளைகளைப் பார்ப்பதா என்ற புலம்பலை இந்த மாதங்களில் எந்தத் தெருவிலும் கேட்கலாம். இரண்டும் ஒன்றின் நேரத்தை ஒன்று பறிக்கின்றன என்றே எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீடு மாறுவதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. எது நம்மோடு வரும், எது இங்கேயே நிற்கும் என்று முடிவுசெய்வது ஒன்று. முடிவானதை அட்டைப்பெட்டியில் அடுக்கி டேப் ஒட்டுவது இன்னொன்று. முன்னதற்குக் குடும்பம் முழுக்க வேண்டும், பின்னதற்கு யாருடைய கையும் போதும். இரண்டையும் சேர்த்து ஒருவர் தலையில், அதுவும் பிள்ளைகள் தூங்கிய பிறகு, வைத்துவிடுவதில்தான் குடும்பத்தின் பொழுது காணாமல் போகிறது.

ஏப்ரல் 20

பேக்கர்ஸ் ஆட்கள் நாலு பேர் காலையில் வந்தால், இரண்டு படுக்கையறை வீட்டை மாலைக்குள் கட்டி ஏற்றிவிடுகிறார்கள். அதே வீட்டைக் குடும்பமே கட்டினால் வாரக்கணக்கில் இழுக்கிறது. பழகிய கைக்கும் பழகாத கைக்கும் உள்ள வித்தியாசம் இதில் கொஞ்சம்தான். அவர்களுக்கு அந்தச் சாமான்களில் எதோடும் உறவில்லை என்பதே பெரிய காரணம். பரணிலிருந்து ஓர் எவர்சில்வர் குடத்தை இறக்கிப் பாருங்கள். கழுத்தோரம் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் கொடுத்தவர் பேர், ஊர், கல்யாணத் தேதி இருக்கும். அதைப் படித்தவுடன் கை நின்றுவிடும். கொடுத்தவர் எந்த வழியில் உறவு, இப்போது இருக்கிறாரா, அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் என்ன மொய் எழுதினோம் என்று பேச்சு கிளம்பும். அடுத்த குடத்தில் வேறொரு ஊர், வேறொரு கதை. இரவு பதினொரு மணிக்குத் தனியாகக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது வேலையைக் கெடுக்கும் இடைஞ்சல். பகலில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தால் குடும்பம் சேர்ந்து கழித்த பொழுது இதுவேதான். பேரப்பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லிக்கொடுக்க இதைவிட வாகான பாடப்புத்தகம் கிடையாது.

1955-இல் ‘எகானமிஸ்ட்’ இதழில் சி. நார்த்கோட் பார்க்கின்சன் அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்து எழுதியபோது, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவ்வளவையும் அது விழுங்கிவிடும் என்றார். பெட்டி கட்டும் வேலைக்கு இது அப்படியே பொருந்தும். மூன்று வாரம் கொடுத்தால் மூன்று வாரத்தையும் தின்னும், இரண்டு நாள் கொடுத்தால் இரண்டு நாளில் முடியும். முடிவெடுக்கும் வேலையிடம் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குரிய நேரத்தைக் குறைத்தால் வேலை சீக்கிரம் முடிவதில்லை, முடிவே எடுக்காமல் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறோம். போன வீட்டில் பிரிக்காத பெட்டி அப்படியே இந்த வீட்டுப் பரணுக்கும் ஏறுவது இப்படித்தான்.

ஏப்ரல் 25

வீடு மாறுவது மனிதருக்கு வரும் மிகப் பெரிய மன உளைச்சல்களில் ஒன்று என்று எங்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்ட பட்டியல் வேறு மாதிரி சொல்கிறது. கணவனோ மனைவியோ இறப்பது 100, மணமுறிவு 73, திருமணம் 50. வீடு மாறுவதற்கு வெறும் 20. அதே பட்டியலில் கொஞ்சம் துழாவினால் இன்னும் சில வரிகள் கண்ணில் படும். கணவன் மனைவி வாக்குவாதங்களின் எண்ணிக்கை மாறுவது 35, தூக்கப் பழக்கம் மாறுவது 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது 15, குடும்பம் ஒன்றுகூடும் தடவைகள் மாறுவது 15. கூட்டினால் 81. சாமான் கட்டும் வாரங்களில் ஒரு வீட்டில் நடப்பவை இந்த நாலும்தான். சண்டை கூடுகிறது, தூக்கம் கெடுகிறது, பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போனதால் மூன்று வேளையும் ஓட்டல் பார்சல், ஒருவர் சாப்பிடும்போது மற்றவர் நூல்கயிற்றோடு இன்னோர் அறையில்.

இது பழைய பட்டியல், அமெரிக்கர்களிடம் கேட்டுப் போட்ட மதிப்பெண், மனிதரின் பாட்டை இப்படிக் கூட்டல் கணக்காக்க முடியாது என்று மறுப்பார்கள். நியாயம்தான். 81 என்ற எண்ணை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது அந்த வரிசை. வீடு மாறுவதைவிட வீட்டுக்குள் சண்டை கூடுவது அதிகம் வருத்தும் என்று மதிப்பெண் போட்டவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள மதுரைக்காரர்களுக்கும் பெரிய தயக்கம் இருக்காது. மாற்றத்தை நாம் தள்ளிப்போட முடியாது. அதைச் செய்யும் முறையால் வரும் பாட்டைக் குறைத்துக்கொள்ள முடியும்.

ஏப்ரல் 30

யாருடைய நேரம் போகிறது என்பதைக் கேட்காமல் குடும்ப நேரம் என்று பொதுவாகப் பேசுவது ஏமாற்று. இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81.2 சதவீதம் பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள், நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையில் கைவைப்பவர்களே 26.1 சதவீதம். அவர்களும் செய்வது 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆகியிருக்கிறது. பெரிய மாற்றமில்லை. ஏற்கெனவே ஐந்து மணி நேரம் போய்க்கொண்டிருக்கும் இடத்தில்தான் சாமான் கட்டும் வேலையும் வந்து உட்காருகிறது. அதற்கான நேரம் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும், வேறு எங்கும் மிச்சமில்லை. லாரிக்காரரிடம் வாடகை பேசுவது, டிவி வந்த பழைய பெட்டியைத் தேடுவது, சாமான் இறங்கும்போது வாசலில் நின்று “பார்த்து, பார்த்து” என்று சொல்வது என ஆண்களின் பங்கு முடிந்துவிடுகிறது.

அடுப்படியில் எது எங்கே இருக்கிறதென்று கணவருக்குத் தெரியாது, கூட நின்றால் கெடுதல்தான் என்று பெண்களே சொல்வதுண்டு. அப்படித் தெரியாமல் இருப்பதுதான் அவரை அங்கே உட்கார வைப்பதற்கான காரணம். கிரைண்டர் கல்லைத் தனியாகக் கழற்றித் துணி சுற்ற வேண்டும், ஊறுகாய் ஜாடியை நிமிர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும், அஞ்சறைப்பெட்டி லாரியில் போகாமல் கையோடு வர வேண்டும் என்பதெல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும்வரை, புது வீட்டில் முதல் பத்து நாளும் “அது எங்கே, இது எங்கே” என்ற கேள்வி முழுக்க அவரிடமே வரும்.

மே 2

முதலிலேயே கட்டத் தொடங்கிவிட்டால் கடைசி நேரப் பதற்றம் இருக்காது என்பது என் வாதத்துக்கு வரும் வலுவான எதிர்வாதம். அனுபவசாலிகள் எல்லாரும் சொல்வது அதுதான். நானும் பாதி ஒப்புக்கொள்கிறேன். முடிவெடுப்பதை எவ்வளவு முன்னால் தொடங்கினாலும் நல்லது. கட்டுவதை முன்னால் தொடங்கினால், இன்னும் ஒரு மாதம் வாழவேண்டிய வீட்டை இன்றைக்கே கிடங்காக்கிவிடுகிறோம். கூடத்தில் இடுப்புயரத்துக்குப் பெட்டிகள், நடக்க ஒற்றையடிப் பாதை, பிள்ளை விளையாட இடமில்லை, தேடும் பொருள் எப்போதும் கட்டிய பெட்டிக்குள்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களைக் கூர்ந்து கவனித்த ஆய்வொன்றை டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெபெட்டியும் 2010-இல் வெளியிட்டார்கள். தம் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசும்போது அடைசல், முடிக்காத வேலை என்ற ரீதியில் அதிகம் பேசிய பெண்களுக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் சுரப்பு பகல் ஏற ஏறக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை என்று கண்டார்கள். கணவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனாலும் மூன்று வாரம் முன்பே கூடத்தில் பெட்டி அடுக்கச் சொல்லும் ஆலோசனை யாருக்குச் சுமையாகும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே ஒழிப்பது முன்னால், கட்டுவது கடைசியில். பழைய பேப்பர் கடைக்குப் போவது, தங்கை வீட்டுக்குப் போவது, காலேஜ் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கும் புத்தக அலமாரி இவையெல்லாம் வீட்டை விட்டு வெளியேறும் பொருள்கள். இவை போகப் போக வீட்டில் இடம் கூடும். பெட்டி கட்டினாலோ இருக்கும் இடமும் குறையும்.

மே 4

கத்திரி வெயில் இன்று தொடங்குகிறது. மாற்றல் உத்தரவுகளின் பருவமும் இதுதான். மத்திய அரசு ஊழியருக்கு ஊர் மாற்றம் வந்தால், புது இடத்தில் சேர விதிப்படி 1000 கிலோமீட்டர் வரை 10 நாள், அதற்கு மேல் 12 நாள், 2000 கிலோமீட்டரைத் தாண்டினால் 15 நாள் தருகிறார்கள். எடுக்காத நாள்கள் ஈட்டிய விடுப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் பலரும் உடனே போய்ச் சேர்ந்துவிட்டு நாளைச் சேமிக்கிறார்கள். குடும்பம் பிறகு வரும். ஊழியர் போன 6 மாதத்துக்குள் குடும்பம் வந்தால் பயணப்படி உண்டு என்று விதியும் இடம்கொடுக்கிறது. பிள்ளையின் படிப்புக்காக இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் சாமான் கட்டுவதற்கு இதைவிடக் கெட்ட ஏற்பாடு இல்லை: முடிவெடுக்க வேண்டிய இருவரில் ஒருவர் 500 கிலோமீட்டருக்கு அப்பால். சேமித்த விடுப்பு பிறகு எதற்கோ உதவும். அந்த 10 நாளில் நாலு நாளையாவது பழைய வீட்டில் செலவழித்திருந்தால் அப்போதே உதவியிருக்கும். இன்னொன்றும் உண்டு. சம்பள நிலை 6-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 6000 கிலோ வரை சாமான் கொண்டுபோக அரசு செலவு தருகிறது. தூக்கும் கூலி நம்முடையது இல்லையென்றால் உடைந்த ஸ்டூலும் ஊர்சுற்றக் கிளம்பிவிடும்.

நம் வழக்கம் இதில் அலுவலக விதியைவிடப் புத்திசாலித்தனமானது. புது வீட்டில் முதலில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுகிறோம். கையில் போவது சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், ஒரு குடம் தண்ணீர், இவ்வளவுதான். சாமான் அன்றோ பிறகோ வரலாம், அதற்கு அவ்வளவு நாள் பார்ப்பதில்லை. குடும்பம் குடியேறுவது ஒரு காரியம், தட்டுமுட்டுச் சாமான் வந்து சேர்வது வேறொரு காரியம் என்று அந்தச் சடங்கு தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. சடங்கின் மற்ற நம்பிக்கைகளை ஏற்காதவர்களும் இந்தப் பிரிவினையை எடுத்துக்கொள்ளலாம்.

மே 9

கூலி கொடுத்துக் கட்டச் சொல்வதெல்லாம் காசுள்ளவர்களுக்கு, குட்டி யானை வண்டிக்கே கணக்குப் பார்க்கும் வீட்டுக்கு இந்த வாதம் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். அங்கேதான் அது கூடுதலாகப் பொருந்துகிறது. குட்டி யானைக்கு நடைக் கணக்கில் கூலி. ஒரு நடை குறைந்தால் கையில் காசு நிற்கும், அந்த நடையைக் குறைப்பது முன்கூட்டி எடுத்த முடிவுதான். கட்டுவதற்கு அந்த வீடுகளில் ஆளுக்குக் குறைவு இல்லை. மச்சான், சித்தப்பா மகன், கூட வேலை பார்ப்பவர் என்று ஒரு ஞாயிறு பத்துப் பேர் வந்துவிடுவார்கள். எதைக் கட்டுவது என்று தெரியாமல் அவர்களை நிற்க வைப்பதுதான் வீண்.

பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டால் எதையும் விடச் சொல்ல மாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. இது பாதி உண்மை. அவர்களைக் கேட்காமல் தூக்கிப்போட்டால் புது வீட்டில் மாதக்கணக்கில் அந்தப் பொருளைத் தேடுவார்கள் என்பது மீதி உண்மை. கேட்டுவிட்டு, நாலில் ஒன்றை அவர்கள் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? சின்னப் பிள்ளைகள் கட்டிய பெட்டியைப் பிரித்துப் போடுவார்கள் என்பதும் சரியே. கட்டும் அந்த இரண்டு நாள் அவர்களைப் பாட்டி வீட்டில் விடுங்கள், அதில் குற்ற உணர்வு வேண்டாம். முடிவெடுக்கும் நாளில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு மார்க்கர் பேனாவும் அவர்கள் பேர் எழுதிய ஒரு பெட்டியும் கொடுத்து, அதில் எது போகும் என்பதை அவர்களிடமே விடுங்கள். தேய்ந்த பென்சில் டப்பாவும் காலுடைந்த பொம்மையும் அதற்குள் போனால் போகட்டும்.

இந்த வைகாசியில் வீடு மாறப்போகிறவர்கள் லாரிக்கு நாள் சொல்வதற்கு முன், பரணை இறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள். அன்று கட்டுவது என்ற பேச்சே வேண்டாம், டேப்பைக் கையில் எடுக்காதீர்கள். மதியச் சாப்பாடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அந்த ஞாயிறு வீட்டு ஆண்களுக்கு வேறு வேலை எதுவும் வைத்துவிடாதீர்கள்.