ஆழ்வார்திருநகரியில் இறங்கினேன்

காயல்பட்டினத்தில் ரயிலேறினால் ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத் என்று ஊர்கள் வரிசையாக வரும். நாசரேத்தை அடுத்து வருவது ஆழ்வார்திருநகரி. பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியில் பி.ஏ. படித்த மூன்றாண்டுகளில் அந்த நிலையத்தின் பெயர்ப் பலகையை நான் பல நூறு முறை பார்த்திருப்பேன். அங்கிருந்து ஏறும் வகுப்புத் தோழர் ஒருவர், “ஒரு நாள் நம்ம ஊர்ல இறங்கும் வே” என்று அழைத்துக்கொண்டே இருந்தார். “இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த ‘அடுத்த வாரம்’ 2024 டிசம்பரில்தான் வந்தது. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையானது. என் தாடியில் நரை புகுந்தது. ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ள தமிழாசிரியராக நின்ற நண்பர், “வாரும் வே, இப்பவாவது வழி தெரிஞ்சுதே!” என்று கட்டித் தழுவிக்கொண்டார்.

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த பழமையான ஊர் இது. குருகூர் என்பது இதன் முற்காலப் பெயர். வைணவர்கள் போற்றும் நம்மாழ்வார் பிறந்த இடமாதலால் ஆழ்வார்திருநகரி ஆயிற்று. நூற்றியெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. இவ்வட்டாரத்து நவதிருப்பதிகளிலும் ஒன்று. கோயிலின் நெடிய மதிலை ஒட்டிய வீதியில் நடந்தபடியே நண்பர் தம் ஊர்ப் பெருமைகளை விவரித்து வந்தார். சமயத்தால் நாங்கள் வேறானவர்கள். ஆயினும் தமிழ் எங்கள் இருவருக்கும் பொதுவான முற்றமாக இருந்தது.

நண்பரின் வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பழுப்பு நிறக் கோடொன்று ஓடியது. “வெள்ளையடிச்சும் மறையலை” என்றார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையின் அடையாளம் அது. காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அது அதிகம். ஆறும் குளங்களும் ஒன்றாயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நிற்க, ஏறத்தாழ எண்ணூறு பயணிகள் தவித்தனர். பக்கத்துக் கிராம மக்கள், வந்தவர் எவர் என்று கேளாமல் சோறு ஆக்கிப் போட்டதை நாடே அறியும்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் வீட்டுத் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது.

என் உம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. சிறு வயதிலேயே யாஸீன் சூராவை மனனம் செய்தவர்கள். இறந்தோருக்காகவும் நோயுற்றோருக்காகவும் எத்தனையோ ஆயிரம் முறை ஓதியிருப்பார்கள். 2008இல் ஒரு நாள், “இவ்வளவு காலமா ஓதுறேன். இதுல அல்லாஹ் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியலையே வாப்பா” என்று கேட்டார்கள். அன்றே தப்ஸீர் நூல்களைப் புரட்டிக் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். பெண்மக்களுக்கு எளிய தமிழில் ஒரு நூலாகவே எழுதிவிட வேண்டும் என்று ஆசை. மதரஸா வேலை, தேர்வு, திருமணங்கள், ரமளான் என்று காரணங்கள் வந்தபடி இருந்தன. “கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்” என்றே பதினைந்து ஆண்டுகள் சென்றன. ஐந்து நோட்டுப் புத்தகங்களும் கீழறையில் தகரப் பெட்டிக்குள் ஓய்வெடுத்தன.

வெள்ளம் வடிந்தபின் பெட்டியைத் திறந்தேன். மை முழுதும் கரைந்து தாள்கள் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. நான் கலங்கி உட்கார்ந்திருந்ததைக் கண்ட உம்மா, “பெட்டிதானே நனைஞ்சது? ஒன் வாயுமா நனைஞ்சு போச்சு? தெனம் கொஞ்சம் சொல்லித் தா வாப்பா” என்றார்கள்.

அப்போதுதான் ஒரு கணக்கு எனக்கு உறைத்தது. யாஸீனில் உள்ள வசனங்கள் 83. நாளுக்கு ஒன்று என்றாலும் மூன்று மாதம்கூட ஆகாது. எண்பத்து மூன்று நாள் வேலையைப் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தேன்! மறுநாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப்பின் பத்து நிமிடம் உம்மாவின் எதிரில் அமர்ந்தேன். நூல் எழுதும் எண்ணம் போயிற்று, பாடம் நடந்தது.

இதை நண்பரிடம் கூறினேன். சற்று நேரம் மௌனமாயிருந்தவர், தம் ஊர் வரலாறு ஒன்றைச் சொன்னார். பக்கத்துத் திருக்கோளூரில் பிறந்த மதுரகவியார் வயது முதிர்ந்தவர். வடநாட்டு யாத்திரையில் இருந்தபோது தெற்கே ஓர் ஒளி கண்டு தேடி வந்து, இங்கே புளியமரத்தடியில் மௌனத்தில் இருந்த இளைஞரான நம்மாழ்வாரிடம் மாணவரானார் என்பது வைணவ மரபு. “கத்துக்க வயசு இல்லைன்னு எங்க ஊர்ல யாரும் சொல்ல முடியாது வே” என்றார். நபித்தோழர்கள் முதிய வயதிலும் கல்வி கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் கல்விப் பகுதியில் குறித்திருப்பதை நான் அவருக்குச் சொன்னேன்.

லுஹர் நேரமாயிற்று. தாமிரபரணியில் ஒளுச் செய்து வந்தபோது, நண்பரின் துணைவியார் திண்ணையைக் கழுவித் துடைத்துப் புதுப் பத்தமடைப் பாய் விரித்து வைத்திருந்தார். அந்தப் பாயில் தொழுதபோது என் மனம் கரைந்தது.

சகோதர சகோதரிகளே! உடல் நலம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளில் மனிதர் பலர் ஏமாந்து போகின்றனர் என்ற கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரி ஷரீபில் உள்ளது. ரஜபு மாதந்தோறும் முப்பது நாளும் புகாரி ஷரீப் ஓதப்படும் ஊரில் பிறந்த நான் அதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஏமாந்தோர் வரிசையில் நானும் நின்றேன்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதைத் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. நாளை ஒன்றைச் செய்வேன் என்று உறுதிகொண்டவன், அவ்வுறுதியை இறைவன் நாட்டத்தில் ஒப்படைக்கும் சொல் அது. நானோ செய்ய மனமில்லாத வேலைகளுக்கு அதைத் திரையாக்கினேன். நண்பரிடமும் உம்மாவிடமும் சொன்ன ‘இன்ஷா அல்லாஹ்’களுக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நம்மைத் திருத்திக்கொள்ள ஓய்வு வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது. ஐவேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே பகுத்துத் தந்திருக்கிறது. அவற்றுள் ஒரு வக்தின் ஓரத்தில் பத்து நிமிடத்தைக் கட்டிப் போடுங்கள். ஒரு வசனத்தின் பொருள் அறிவதோ, பிணங்கிய உறவினருக்குக் கடிதம் எழுதுவதோ, பிள்ளையின் பாடத்தைக் கேட்பதோ, எதுவாயினும் சரி. சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை.

மாலை ரயிலில் வீடு திரும்பினேன். யாஸீன் முன்பே நிறைவெய்தியிருந்தது. “அடுத்து தபாரக்கல்லதீ சூராவாமே, அது எத்தனை நாளாகும் வாப்பா?” என்று உம்மா கேட்டார்கள். “முப்பது வசனம் உம்மா. நாளைக்கே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்” என்றேன். இம்முறை அந்தச் சொல்லுக்குரிய பொருளோடு சொன்னேன்.

எஞ்சிய நாட்களைப் பயனுள்ளவையாக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.