ஓக்லகோமா நகரின் தள்ளுவண்டி

ஐக்கிய அமெரிக்க நாட்டின் நடுப்பாகத்தில், செம்மண் பூமியும் ஓயாத காற்றும் கொண்ட அகன்ற சமவெளியில் அமைந்துள்ளது ஓக்லகோமா மாநிலம். தலைநகருக்கும் அதே பெயர்தான். 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் நண்பகலில், அரசு திறந்துவிட்ட நிலங்களைப் பிடிப்பதற்காக மக்கள் குதிரைகளிலும் வண்டிகளிலும் பாய்ந்தோடி வந்தனர். காலையில் ஒரு புகைவண்டி நிலையமும் சில கட்டடங்களுமே இருந்த இடத்தில், மாலைக்குள் ஆயிரக்கணக்கானோர் கூடாரமடித்து ஒரு நகரையே உண்டாக்கிவிட்டனர். (அந்நிலங்களை முன்னரே இழந்து நின்ற பழங்குடி மக்களின் கதை தனியே எழுதப்பட வேண்டியது.) பின்னாளில் சட்டமன்ற மாளிகையின் பூம்பாத்தியிலேயே எண்ணெய்க் கிணறு தோண்டிய ஊர் இது. அவசரமும் துணிவும் இவ்வூர் மக்களுக்குப் பிறவிக் குணம் போலும்!

1981இல் குவாத்தமாலாவில் கொல்லப்பட்ட முத்திப்பேறு பெற்ற ஸ்டான்லி ரோதர் அடிகளாரின் திருத்தலம் 2023இல் இங்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அதனைத் தரிசிக்கவே நாம் சென்றிருந்தோம். ஆயினும் இங்கு எழுதப் புகுவது அதனைப் பற்றியன்று. உலகெங்கும் பெரிய அங்காடிகளில் சாமான்களை எடுத்துப் போட்டுத் தள்ளிச் செல்கிறோமே, அந்தத் தள்ளுவண்டி பிறந்ததும் இந்நகரிலேதான். அதில் கைக்குழந்தையை எப்போது உட்கார வைக்கலாம் என்னும் கேள்வி, நாம் தங்கியிருந்த இல்லத்தில் ஒருநாள் எழுந்தது. சென்னை, மதுரை, கோவை அங்காடிகளுக்கும் அவ்வண்டி வந்துவிட்டபடியால், அக்கேள்வி நம் குடும்பங்களுக்கும் உரியதே.

சில்வன் கோல்ட்மன் என்பவர் இந்நகரில் பல மளிகைக் கடைகளை நடத்திவந்தார். கையில் ஏந்திய கூடை நிறைந்து கனத்தவுடன், தாய்மார் வாங்குவதை நிறுத்திவிடுவதை அவர் கவனித்தார். 1936இல் ஓர் இரவு, அலுவலகத்தில் இருந்த மடக்கு நாற்காலி அவர் கண்ணில் பட்டது. அதன் கால்களில் சக்கரம் பூட்டி, இருக்கையில் கூடையை வைத்தால் என்ன? மெக்கானிக் ஒருவரின் துணையோடு வண்டி உருவாயிற்று. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கம்பிக் கூடைகள். வேலை முடிந்ததும் சட்டத்தை மடக்கிவிடலாம். 1937 ஜூன் மாதம் அது கடைக்கு வந்தது.

வந்ததே தவிர, தொடுவாரில்லை. கூடை சுமக்கக்கூட வலுவில்லாதவன் என்று பிறர் எண்ணுவரே என இளைஞர் ஒதுங்கினர். குழந்தை வண்டி தள்ளித் தள்ளி அலுத்துப்போனோம், கடையிலுமா தள்ளவேண்டும் என்று பெண்கள் மறுத்தனர். கோல்ட்மன் சளைக்கவில்லை. பல வயதுடைய ஆண்களையும் பெண்களையும் கூலிக்கு அமர்த்தி, வண்டி நிறையச் சாமான்களோடு வாயிலருகே உலவவிட்டார். அதைக் கண்டே மற்றவர்களும் பிடிக்கலாயினர்! குழந்தை வண்டியை நினைவூட்டுகிறது என்று தாய்மார் ஒதுக்கிய அதே வண்டியில், பின்னாளில் குழந்தைக்கே இருக்கை அமைந்தது விந்தையன்றோ?

அவ்விருக்கையின் அமைப்பை நாம் உற்றுநோக்க வேண்டும். 1946இல் கான்சஸ் நகரத்து ஓர்லா வாட்சன் என்பார், ஒரு வண்டி மற்றொன்றினுள் நுழைந்து அடங்குமாறு பின்பக்கக் கதவை மேல்நோக்கித் திறக்கும்படி அமைத்தார். வண்டிகள் அவ்வாறு ஒன்றனுள் ஒன்று செருகும்போது தட்டையாக மடங்கிக்கொள்ளும்படியே, கைப்பிடிக்கு அருகில் உயரமான இடத்தில் குழந்தையின் இருக்கை வைக்கப்பட்டுள்ளது. வண்டியோ, அலமாரிகளுக்கிடையே செல்லும்பொருட்டுக் குறுகலாகச் செய்யப்பட்டது. அடி குறுகி, பாரம் மேலேறினால் எந்த வண்டியும் எளிதில் சாயும். வைக்கோல் வண்டி ஓட்டிய நம் உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுருங்கச் சொன்னால், இது சாமான்களுக்கென்று பிறந்த வண்டி. குழந்தை அதில் பின்னர் வந்த விருந்தாளி.

நாம் தங்கிய இல்லத்தார் தூத்துக்குடிப் பக்கத்தவர். மகன் பிறந்து ஐந்து மாதம் நிறையும் தருணம். பேரனைப் பார்க்கப் பாட்டியும் ஊரிலிருந்து வந்திருந்தார். அந்நாட்டில் காரில் குழந்தையைக் கொண்டுசெல்வதற்குத் தொட்டில் போன்ற தனி இருக்கை கட்டாயம். அன்று கடை வாசலில் கார் நின்றபோது, பிள்ளை அதில் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் விழித்திருந்த இளந்தாய், அவனை எழுப்ப மனமின்றி, அவ்விருக்கையை அப்படியே கழற்றித் தள்ளுவண்டியின் மேல் ஏற்றப் போனார்.

“ஏட்டி, உச்சாணியிலயா பிள்ளைய வைக்கப் போற?” என்றார் பாட்டி.

“எல்லாரும் இப்படித்தாம்மா வைக்கிறாங்க. இல்லேன்னா அந்தச் சின்ன சீட்டிலயே உட்கார வச்சிரட்டுமா? கழுத்துதான் நின்னுட்டே. ஃபாதர், நீங்களே சொல்லுங்க” என்று நம்மிடம் திரும்பினார் மகள்.

நாம் வாய் திறக்குமுன் பாட்டியே தீர்ப்பளித்துவிட்டார்: “கழுத்து நின்னாப் போதுமா? இடுப்பும் நிக்க வேண்டாமா?”

பள்ளிக்கூடம் அதிகம் பார்த்திராத அம்மூதாட்டியின் சொல், மருத்துவ நூலுக்கு ஒப்பானது. எல்லாரும் செய்கிறார்கள் என்பதும் எப்போதும் நல்ல சாட்சியன்று. இந்நகரிலேயே கூலிக்கு ஆள் பிடித்து அப்படித் தோன்றச் செய்ததை மேலே கண்டோம். அவ்விருக்கையில் பொதுவாகக் குறிக்கப்பட்டுள்ள வரம்பு ஆறு மாதம் முதல் நான்கு வயது வரை, எடை ஏறத்தாழ 7 கிலோ முதல் 16 கிலோ வரை. ஆனால் ஆறு மாதம் நிறைந்ததனாலேயே குழந்தை ஆயத்தமாகிவிட்டது என்று கொள்ளலாகாது. பிடிமானமின்றி உட்காரும் ஆற்றல், நல்ல உடல்நலமுள்ள குழந்தைகளுக்கும் ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவைகள் காட்டுகின்றன. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இன்னும் சற்றுத் தாமதமாகலாம்.

நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவங்களுக்குப் பெயரிட்டபோது, குழந்தை செய்வதைக் கொண்டே பெயரிட்டனர். ஐந்தாம் மாதம் செங்கீரை: கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கையும் கொட்டுவது. இரு கையும் கொட்ட வேண்டுமானால், ஊன்றுவதற்குக் கை வேண்டியிராத அளவுக்கு இடுப்பு உறுதிப்பட்டிருக்க வேண்டுமன்றோ? அதுவே நாம் தேடும் அடையாளம். வீட்டில் பாய்மேல் உட்கார வைத்துப் பாருங்கள். கையூன்றாமல் நிமிர்ந்திருக்கிறதா? பக்கத்திலுள்ள கிலுகிலுப்பையை எட்டி எடுத்துவிட்டு, சாயாமல் மீண்டும் நேராகிறதா? சிறிது நேரத்தில் துவண்டு வளைகிறதா? துவளும் பிள்ளையைச் சுற்றித் துணிச்சுருளை அடைத்து உட்கார வைப்பது, இல்லாத ஆற்றலை இருப்பதாகக் காட்டுவதே.

இத்துணை கவனம் எதற்கு என்பார்க்கு ஒரு கணக்கு உண்டு. 1990 முதல் 2011 வரையிலான 22 ஆண்டுகளில், அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்குத் தள்ளுவண்டிக் காயங்களோடு வந்த 15 வயதுக்குட்பட்டோர் 5,30,000-க்கும் மேல் என மதிப்பிட்டுள்ளனர். அஃதாவது நாளொன்றுக்கு 66 பிள்ளைகள்! பத்தில் ஏழு பேர் வண்டியிலிருந்து விழுந்தவர்கள்; முக்கால் பங்கிற்கு மேற்பட்டோர்க்குக் காயம் தலையில். 2004இல் வண்டிகளுக்குப் பாதுகாப்புத் தரவிதி வகுக்கப்பட்டது. அது கட்டாயமற்ற விதி. அதன் பின்னரும் எண்ணிக்கை குறையவில்லை.

இடுப்பு நின்ற பிள்ளையையும் வாரில்லாத வண்டியில் உட்கார வைத்தலாகாது. வார் அறுந்திருந்தால் வேறு வண்டி எடுங்கள்; அங்காடியில் வண்டிக்குப் பஞ்சமில்லை. இரு கால்களும் துவாரத்தின் வழியே இறங்கி, வார் இடுப்பைச் சுற்றி இறுகியிருக்க வேண்டும். அதன் பின்னும் கை எட்டும் தூரத்தை விட்டுத் தாய் அகலலாகாது. பருப்பு விலை பார்க்கத் திரும்பும் அந்த ஒரு கணம் போதும், பிள்ளை எழுந்து நிற்க. மூத்த பிள்ளை தள்ளட்டும் என்று விடுவதும், அவனைப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு வரவிடுவதும் வண்டி கவிழ வழி. கார் இருக்கையை வண்டியின் உச்சியில் ஏற்றுவதோ அறவே கூடாது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அது அங்கே பொருந்துவதற்கென்று செய்யப்பட்டதன்று, பாரமும் மேலேறிவிடுகிறது. ஓக்லகோமாக் காற்றில் வெறும் வண்டிகள் திடலில் தாமே உருண்டோடுவதை நாம் கண்ணாரக் கண்டோம்.

அன்று பிள்ளையை எழுப்பத்தான் வேண்டியிருந்தது. சற்றுச் சிணுங்கினான். பாட்டி தம் பருத்திச் சேலையின் முந்தானையால் அவனை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மகள் வண்டியைத் தள்ளினார். அரிசி, பருப்பு, பால், சோப்பு என்று வண்டி நிறைந்தது. குழந்தையின் இருக்கையில் ஒரு முட்டைக்கோசும் ரொட்டியும் அமர்ந்து வந்தன. அலமாரிகளின் நிறங்களைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பாட்டியின் தோளிலேயே அவன் மீண்டும் உறங்கிப்போனான்.