சுருக்குப் பைக்குள் அடங்கும் ஆடு புலி

ஆடு புலி ஆட்டத்தின் களம் பத்துக் கோடுகளால் ஆனது. உச்சியிலிருந்து விசிறி போல இறங்கும் கோடுகள் 4, அவற்றின் அடியைச் சேர்க்கும் அடிக்கோடு 1, நடுவே இருபுறமும் வெளியே நீளும் குறுக்குக் கோடுகள் 3, அவற்றின் முனைகளை இடமும் வலமும் இணைக்கும் நேர்கோடுகள் 2. கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23: உச்சியில் 1, ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் 6, அடிக்கோட்டில் 4. காய்கள் 3 புலியும் 15 ஆடும். பக்கத்துப் புள்ளியில் நிற்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அடுத்த காலிப் புள்ளியில் இறங்கினால் புலி அதை வெட்டிவிட்டதாகக் கணக்கு. ஆடுகளுக்குத் தாண்டும் உரிமை இல்லை. மூன்று புலிகளையும் நகர வழியில்லாமல் அடைப்பதே அவற்றின் வெற்றி.

சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கிறது தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை. அங்கே இந்த ஆட்டத்துக்கு எதையும் செய்து வைக்க வேண்டியதில்லை. ஒரு பாறையும் கரித்துண்டும் பொறுக்கிய கற்களும் இருந்தால் களம் தயார். ஆடி முடித்தால் மழை அழித்துவிடும். எடுத்துப்போகும் ஆட்டம் வேண்டியிருப்பது மலையை விட்டு இறங்குகிறவர்களுக்குத்தான். அரூர்ப் பேருந்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும், சமவெளியில் வேலை பார்க்கும் இடத்துத் தகரக் கொட்டகையிலும் கரியால் கோடு கிழிக்க முடியாது.

கையடக்கமாகச் செய்ய நினைப்பவருக்கு முதலில் தோன்றுவது, பெரிய களத்தை அப்படியே சுருக்கிவிடலாம் என்பது. அது நடக்காது. களம் சுருங்கினாலும் விரல் சுருங்குவதில்லை. பாறையில் போடுகிறவர்கள் குறுக்குக் கோடுகளைச் சம இடைவெளியில் இழுத்துவிடுவார்கள். முழங்கை அளவுக் களத்தில் அதனால் கெடுதல் இல்லை. அடிக்கோட்டை 12 செ.மீ. ஆக்கிப் பார்த்தால் வம்பு தெரியும். அடியில் புள்ளிக்குப் புள்ளி 4 செ.மீ. கிடைக்கும். உச்சியை ஒட்டிய முதல் குறுக்குக் கோட்டிலோ நடு நான்கு புள்ளிகளும் 1 செ.மீ. இடைவெளியில் நெருங்கி நிற்கும். ஆட்டத்தில் அதிகம் சண்டை நடக்கும் இடமே அதுதான். ஒரு காயை எடுக்கப் போனால் பக்கத்துக் காய் இரண்டு நகரும். பிறகு எது எங்கே இருந்தது என்று வாய்ச்சண்டை.

இதற்கு வழி முதல் குறுக்குக் கோட்டைக் கீழே இறக்குவது. உச்சியிலிருந்து அடிக்கோடு வரை உயரம் 15 செ.மீ. என்றால் முதல் கோடு 7.5 செ.மீ.யில் வரட்டும், மற்ற இரண்டும் 10, 12.5 செ.மீ.களில். இப்போது முதல் கோட்டின் நடுப் புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ. கிடைக்கிறது. புளியங்கொட்டையை இரு விரலால் எடுக்க அவ்வளவு போதும். பக்க நேர்கோடுகள் நடுவிலிருந்து இருபுறமும் 7 செ.மீ. தள்ளி நிற்கலாம். படம் பார்க்கக் கொஞ்சம் கழுத்து நீண்டாற்போல் இருக்கும், ஆட்டம் மாறாது. எந்தப் புள்ளி எதனோடு சேர்கிறது என்பதும், தாண்டும் வழி நேராக இருப்பதும் மட்டுமே இந்த ஆட்டத்துக்கு உயிர். நீள அகலம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. இடம் பற்றவில்லை என்று ஒரு குறுக்குக் கோட்டையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அது சுருக்குவது அல்ல, வேறு ஆட்டம் செய்வது.

களத்துக்குத் துணியே நல்லது. அட்டை மடிப்பில் கிழியும், பலகை பையில் கனக்கும். பல்லாங்குழிப் பலகையை நடுவில் கீல் வைத்து மடக்குவது நன்றாக நடக்கிறது. அங்கே குழி இருக்கிறது, காய் குழிக்குள் தங்குகிறது. ஆடு புலிக்குத் தட்டையான களம்தான், ஆகவே மடிக்கும் பலகையால் பெரிய லாபம் இல்லை. துணியிலும் சதுரத்தைவிட வட்டம் மேல். 26 செ.மீ. விட்டத்தில் காடாத் துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, அதற்குள் நாடா கோத்துவிட்டால் விரித்தால் களம், இழுத்தால் சுருக்குப் பை. காய்களைத் தனியே தேடி எடுக்க வேண்டியதில்லை. பாட்டிமார் இடுப்பில் செருகும் அதே பை என்பதால் யாருக்கும் விளக்கிச் சொல்லவும் வேண்டாம்.

துணியைக் கஞ்சி போட்டு, காய்ந்ததும் தேய்த்த பிறகே கோடு குறிக்க வேண்டும். சாய்வுக் கோடுகள் துணியின் இழைக்குக் குறுக்கே போகின்றன. கஞ்சியில்லாத துணி அந்த வாக்கில் இழுபட்டு, தையல் அலையலையாக நெளியும். கோடு நெளிந்தால் புலி தாண்டியது நேர்வழியா இல்லையா என்ற வழக்கு வரும். சங்கிலித் தையல் போட்டால் கோடு தடிமனாகத் தெரியும், துவைத்தாலும் போகாது. புள்ளிகளில் முடிச்சு வைப்பது அழகுதான், ஆனால் காய் அதன்மேல் உட்காராமல் ஆடும். வேறு நிற நூலில் சின்ன வளையம் போதும்.

ஆட்டுக்குப் புளியங்கொட்டை. சித்தேரியில் அதற்குப் பஞ்சமில்லை. தாயத்துக்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கத்தைக் கல்லில் உரசி, வெள்ளைப் பக்கம் துணியில் படும்படி வைத்தால் வழுக்காது. குன்றிமணி அழகுக்கு ஆசைப்பட்டு யாரும் அதை எடுக்க வேண்டாம்: உருண்டு ஓடும், அதைவிட முக்கியமாக, குழந்தை கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான விஷம். கடுக்காய் இந்தக் களத்துக்குப் பெரிது.

புலிக்குத்தான் அதிக யோசனை வேண்டும். ஆடு வரிசையில் ஏதோ ஒன்று நகர்கிறது. மூன்றே மூன்று புலிகளோ மாறி மாறி ஒவ்வொரு முறையும் கைக்கு வருகின்றன. அதனால் பிடிக்க வாகாக நிமிர்ந்து நிற்பது நல்லது. விரல் கனத்தில் சிறு மூங்கிலைக் கட்டைவிரல் நக உயரத்துக்கு அறுத்து, இரண்டு முனையையும் தேய்த்தால் போதும். வாலும் காதும் வைத்துப் புலியாகவே செதுக்கலாம், பார்க்க ஆசையாக இருக்கும். பைக்குள் போனதும் முதலில் முறிவது அந்த வால்.

நின்றுவிட்ட பேருந்தில் துணி போதும். ஓடும் பேருந்தில் காய் நிற்காது. இந்தத் தொல்லை எல்லா ஊர் ஆட்டங்களுக்கும் இருந்திருக்கிறது. சதுரங்கப் பித்தரான பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம் 1940-களில் தோல் பணப்பைக்குள் அடங்கும் சதுரங்கம் ஒன்றைச் செய்தார். அதில் செல்லுலாய்டு காய்கள் நழுவாமல் குண்டூசிகள் பிடித்துக்கொண்டன. காந்தம் வைத்ததும் கடைகளில் கிடைக்கிறது. மலைப் பாதைக்கு மலிவான வழி, தேய்ந்த ஹவாய் செருப்பு. குதிகால் பக்கத்தை 9 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, களத்தைப் பாதியாகக் குறைத்து வரைந்து, புள்ளிதோறும் கோணி ஊசியால் துளையிட வேண்டும். மருந்து கிள்ளிய தீக்குச்சித் துண்டுகள் ஆடு. சிவப்பு நூல் சுற்றிய நீளக் குச்சிகள் புலி. குத்தி நிற்கும் காயை நுனியில் பிடிப்பதால் 1 செ.மீ. இடைவெளியே தாங்கும். சட்டைப் பையில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுநாளும் ஆடலாம்.

எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறு. ஆட்டின் எண்ணிக்கையும் சில இடங்களில் மாறும். வெளியூர்க்காரரோடு ஆடப்போகும் பை என்பதால், தன் ஊர்க் கணக்கை உள் ஓரத்தில் அழியாத மையால் எழுதிவைப்பது சண்டையைக் குறைக்கும். இரண்டு ஆடு கூடுதலாகப் போட்டுவைக்க வேண்டும். பச்சையாக வைத்த புளியங்கொட்டையை வண்டு துளைக்கும். நல்ல வெயிலில் காயவைத்துப் போடலாம். வறுத்தும் போடலாம்தான், ஆனால் வறுத்த ஆடுகளைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள்.